காசு கொடுத்து வாங்கிய படம் கையில் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப் வழியாகப் படம் வாங்குவது நம் ஊரிலும் பழகிவிட்டது. ஆப்பிள் டிவி ஆப், யூடியூப், புக்மைஷோ ஸ்ட்ரீம் போன்றவற்றில் ஒரே படத்துக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள்: வாடகைக்கு ஒன்று, வாங்குவதற்கு ஒன்று. வாடகை விஷயத்தில் குழப்பம் இல்லை. பெரும்பாலும் 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கிய 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று திரையிலேயே எழுதியிருக்கும். 'வாங்கு' என்ற பொத்தானுக்குக் கீழே மட்டும் காலக்கெடு எதுவும் இருக்காது. அது விதிமுறைப் பக்கத்தின் உள்ளே இருக்கும்: நீங்கள் பெறுவது உரிமம்தான், படத்தின் உரிமையாளரோடு உள்ள ஒப்பந்தம் மாறினால் அது உங்கள் பட்டியலில் இருந்து போகலாம் என்கிற பொருளில். வாடகையைப் போல மூன்று நான்கு மடங்கு பணம் கொடுப்பவரிடம் இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும் என்பதற்காகவும், படம் கையில் நிற்க வேண்டும் என்று விரும்புவோர் என்ன செய்யலாம் என்பதை விவரமாக எழுதவும் இந்தக் கடிதம்.

முதலில் நம் ஊர்க் கணக்கு ஒன்று. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. மளிகைக் கடை வரைக்கும் தமிழ்ப் படங்கள் வந்தன. திருட்டு விசிடியோடு விலையிலேயே மோதிய முயற்சி அது. அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, 2018-இல் அதைக் கலைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் அது விற்ற டிஸ்க்குகள் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவை ஓட யாருடைய அனுமதியும் தேவையில்லை, எந்த சர்வரும் விழித்திருக்க வேண்டியதில்லை.

இதன் பக்கத்தில் அமெரிக்காவின் அல்ட்ராவயலட்டை வைத்துப் பாருங்கள். பெரிய ஸ்டூடியோக்கள் பல சேர்ந்து 2011-இல் தொடங்கிய சேவை அது. எந்தக் கடையில் வாங்கினாலும் படம் ஒரே பெட்டகத்தில் சேரும் என்பதுதான் அதன் வாக்குறுதி. 2019 ஜூலை 31 அன்று மூடினார்கள். தங்கள் பெட்டகத்தை வேறொரு கடையின் கணக்கோடு முன்பே இணைத்து வைத்திருந்தவர்களுக்குப் படங்கள் பெரும்பாலும் தங்கின. அறிவிப்பைக் கவனிக்காதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. டிஸ்க் வாங்கியவர் எவரும் இப்படி அறிவிப்புகளைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடை மூடப்படாமலே படம் போனதும் உண்டு. பிளேஸ்டேஷன் கடையில் ஸ்டூடியோகனால் நிறுவனத்தின் படங்களைக் காசு கொடுத்து வாங்கிய ஜெர்மனி, ஆஸ்திரிய வாடிக்கையாளர்களுக்கு, 2022 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு அவை பட்டியலில் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. காரணம் உரிம ஒப்பந்தம். 2023 டிசம்பரில் அதே கடை, டிஸ்கவரி நிறுவனத்தின் 1,300-க்கும் மேற்பட்ட சீசன்களை வாங்கியவர்களிடமிருந்தே நீக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு புதிய ஒப்பந்தம் போட்டு, குறைந்தது 30 மாதங்களுக்கு இருக்கும் என்றார்கள். அந்த '30 மாதம்' என்ற சொல்லே போதும், விற்கப்பட்டது என்ன என்று புரிந்துகொள்ள.

எனக்கு இவற்றில் மிகத் தெளிவான பாடமாகப் படுவது ஃபனிமேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை. ஜப்பானிய அனிமே படங்களின் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே ஒரு குறியீட்டுச் சீட்டு வைத்து விற்றார்கள். அதைப் பதிந்தால் டிஜிட்டல் பிரதியும் கணக்கில் சேரும். 2024 ஏப்ரல் 2 அன்று அந்தச் சேவை நின்றது, டிஜிட்டல் பிரதிகள் அதன் இடத்தில் வந்த க்ரஞ்சிரோல் சேவைக்கு மாற்றப்படவில்லை. ஒரே பெட்டி, ஒரே விலை. சீட்டு செத்தது, டிஸ்க் இருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எளிது. ஆப்பில் 'டவுன்லோடு' செய்தால் முழுப் படமும் போனுக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் பூட்டப்பட்ட கோப்பாக வருகிறது. சாவி தனியே, கடையின் சர்வரிலிருந்து, உங்கள் கணக்கையும் அந்தக் குறிப்பிட்ட கருவியையும் பார்த்து வழங்கப்படும். பல சேவைகளில் அந்தச் சாவிக்கும் ஆயுள் உண்டு. அது முடிந்தால் மறுபடி இணையத்தில் சேர்ந்து புதுப்பிக்க வேண்டும். கோப்பை ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்து வைப்பதால் பயன் இல்லாததற்கு இதுவே காரணம். தரமும் சாவியோடு சேர்ந்தது. ஆண்ட்ராய்டு போனில் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறை எல்1 நிலையில் இருந்தால்தான் எச்டி கிடைக்கும். எல்3 நிலையில் இருக்கும் போனில், எச்டி விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சாதாரணத் தரத்தில்தான் ஓடும். போனின் பூட்லோடரை, அதாவது போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருளின் பூட்டைத் திறந்தவர்கள் பலர் எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிப்போவது இதனால்தான். டிவி பக்கம் 4கே வேண்டுமென்றால் பெட்டி, கேபிள், டிவி, நடுவில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதுவும், எல்லாம் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் தரம் இறங்கும், சில சமயம் திரையே கறுக்கும்.

வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ கனடாவுக்கோ குடிபெயர்வோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கணக்கின் நாட்டை மாற்றினால், இந்தியக் கடையில் வாங்கிய படங்கள் புதிய நாட்டுக் கடையில் மறுபடி இறக்கக் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு படத்தின் உரிமமும் நாட்டுக்கு நாடு தனித்தனி. மாற்றுவதற்கு முன் வாங்கிய படங்கள் அனைத்தையும் ஒரு கருவியில் முழுமையாக இறக்கி, விமானப் பயன்முறையில் போட்டு ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள். கணக்கில் மீதித் தொகை இருந்தால் ஆப்பிள் போன்ற கடைகள் நாடு மாற்ற விடாது, அதையும் முதலில் தீர்க்க வேண்டும். அதைவிட நல்லது, பழைய கணக்கின் நாட்டை மாற்றாமலே விட்டுவிட்டுப் புதிய நாட்டுக்கு இன்னொரு கணக்கு தொடங்குவது.

வாரிசுக்கும் இது போகாது. ஒருவர் இறந்த பிறகு அவர் கணக்கை அணுகக் குடும்பத்தினருக்கு ஆப்பிள் தரும் லெகசி கான்டாக்ட் வசதியில் புகைப்படம், குறிப்பு, ஆவணம் எல்லாம் கிடைக்கும். வாங்கிய படங்களும் பாடல்களும் புத்தகங்களும் கிடைக்காது என்று அந்நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கிறது. அப்பா வாங்கிச் சேர்த்த டிவிடி அலமாரி பிள்ளைகளுக்கு வருகிறது. அவர் கணக்கில் வாங்கிச் சேர்த்த நூறு படம் வருவதில்லை.

கலிஃபோர்னியா இதற்கு ஒரு சட்டம் செய்திருக்கிறது. ஏபி 2426 எனும் அந்தச் சட்டம் 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' போன்ற சொல்லைப் போடும் கடை, பெறுவது உரிமம்தான் என்பதைப் பரிவர்த்தனையின்போதே, மற்ற விதிமுறைகளில் இருந்து பிரித்துத் தெளிவாகச் சொல்லி விதிகளுக்கு இணைப்பும் தர வேண்டும், இல்லையென்றால் வாடிக்கையாளரிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். சந்தா சேவைகளுக்கு இது பொருந்தாது. நிரந்தரமாக இறக்கி, இணையம் இல்லாமலும் வைத்துக்கொள்ளும்படி கோப்பையே கொடுத்துவிடும் கடைக்கும் பொருந்தாது. கடைசியில் உள்ள இந்த விலக்குதான் சட்டத்தின் கூர்மையான இடம். கோப்பைக் கொடு, தாராளமாக 'வாங்கு' என்று போட்டுக்கொள் என்கிறது அது.

இந்தியாவில் இதற்கு முழுப் புதுச் சட்டம் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்றுத் திரை உத்திகளுக்கு எதிராக 13 வகைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நிரந்தரமல்லாத உரிமத்தை நிரந்தர விற்பனை போலக் காட்டுவதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை, வாங்கிய படம் காணாமல் போனவர்கள் சும்மா இருக்க வேண்டாம். வாங்கிய நாளின் ரசீது மின்னஞ்சல், பட்டியலில் படம் இருந்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட், இப்போது 'கிடைக்கவில்லை' என்று வரும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்து முதலில் கடையிடம் எழுத்தில் பணம் திரும்பக் கேளுங்கள். பல கடைகள் கேட்டால் கொடுக்கின்றன, கேட்காவிட்டால் கொடுப்பதில்லை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

இவ்வளவு சொன்னதால் டிஸ்க் எல்லாம் உயர்ந்தது என்று எழுதிவிட்டால் அது உண்மையாகாது. தமிழ் டிஸ்க்குகளின் தரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தை 8.5 ஜிபி கொள்ளளவுள்ள இரட்டை அடுக்கு டிவிடியில் தனியாகப் போட்டால் நொடிக்குச் சுமார் 7.5 மெகாபிட் தகவலுக்கு இடம் கிடைக்கும்; இந்த எண் கூடினால் படம் தெளிவாகும். அது நல்ல படம். அதே நீளமுள்ள மூன்று படங்களை 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் திணித்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 1.4 மெகாபிட்தான் மிஞ்சும். விசிடியின் படத்துக்கு மட்டும் 1.15 மெகாபிட் என்றால், அந்த 'மூன்று படம் ஒரே டிவிடியில்' பெட்டிகளில் மழைக் காட்சியும் கூட்டக் காட்சியும் ஏன் கட்டம் கட்டமாக உடைகின்றன என்று புரியும். படத்தின் மேலேயே நிரந்தரமாக நிறுவன முத்திரை பதித்தது, பாட்டுக்கு நடுவில் விளம்பரம் ஓடவிட்டது, அகலத்திரைப் படத்தின் இரு ஓரத்தையும் வெட்டியது எல்லாம் நடந்தன. இவை டிஸ்க்கின் குறை அல்ல, விற்றவர்களின் அலட்சியம். நல்லபடி செய்யப்பட்ட ப்ளூ-ரேயில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு, ஒலி இழப்பில்லாமல் வரும். ஓடிடியின் 4கே பொதுவாக 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் நிற்கும். ஆனால் அப்படி வந்த தமிழ்ப் ப்ளூ-ரேக்கள் சொற்பம்.

நீளத்தைப் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி எழும். திரையரங்கில் நொடிக்கு 24 பிரேமாக ஓடும் படத்தை, இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றிய பால் (PAL) என்ற டிவி முறையிலான டிவிடிக்காக 25 பிரேமாக ஓட்டிப் பதிவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடமாகும். ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. வேகம் கூடுவதால் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும், காது பழகியவர்கள் பாட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் பதிந்த டிவிடியில் இந்த வேக மாற்றம் இருக்காது. பாட்டுக்காகப் படம் வாங்குவோர் உறையின் பின்புறம் எந்த முறை என்று பார்த்து வாங்கலாம்.

புதுத் தமிழ்ப் படங்கள் டிஸ்க்காக வருவது ஏறக்குறைய நின்றுவிட்டதால், இனி வாங்குவது பெரும்பாலும் பழைய டிஸ்க்தான். பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்ததும் அடிப்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். ஆலையில் அச்சான ஒற்றை அடுக்கு டிஸ்க் வெள்ளிபோல இருக்கும், இரட்டை அடுக்கு இலேசான பொன்னிறம் காட்டும். ஊதாவோ நீலப் பச்சையோ தெரிந்தால் அது கணினியில் பதிந்த டிஸ்க், அதாவது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதில் தகவல் சாயத்தில் பதிவதால் வெயிலிலும் வெப்பத்திலும் வெளுத்து அழியும். நடு வளையத்தை உற்றுப் பார்த்தால் முறையான டிஸ்க்கில் ஒரு வரிசை எண்ணும், ஐஎஃப்பிஐ என்ற எழுத்துகளோடு ஒரு குறியும் இருக்கும். அடுத்து டியூப்லைட்டை நோக்கிப் பிடியுங்கள். ஊசித் துளைபோல ஒளி தெரிந்தாலோ, ஓரத்தில் பால் படிந்ததுபோல மங்கல் இருந்தாலோ விடுங்கள், உள்ளே அலுமினியப் படலம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. நடு ஓட்டையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வேண்டாம். வேகமாகச் சுழலும்போது அது விரியும்.

ஓட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் முதல் ஐந்து நிமிடம் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, கெடுவது பெரும்பாலும் வெளி ஓரத்தில். ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் வெளி ஓரம் என்பது உள்ளடக்கத்தின் கடைசிப் பகுதி. ஆகவே கிளைமாக்ஸைப் போட்டுப் பாருங்கள். இரட்டை அடுக்கில் கதை வேறு. முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போய், இரண்டாவது அடுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பும். அங்கே ஓரம் கெட்டால் படத்தின் நடுவில், ஏறக்குறைய இடைவேளை நேரத்தில் உறையும். அடுக்கு மாறும் இடத்தில் ஒரு நொடி தயங்குவது இயல்பு. மாறிய பிறகும் தொடர்ந்து தடுமாறினால்தான் கோளாறு.

கீறல் எந்தப் பக்கம் ஆபத்து என்பதும் வகைக்கு வகை மாறும். சிடியிலும் விசிடியிலும் தகவல் படலம் மேல்பக்கம், அச்சிட்ட படத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே கீறினால் தகவலே உரிந்துவிடும், சரிசெய்ய வழியில்லை. டிவிடி 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது, படலம் நடுவில். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றும் இயந்திரத்தில் ஓரளவு நீக்கலாம். ப்ளூ-ரேயில் படலம் அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். அதற்குக் கடினப் பூச்சு இருப்பதால் எளிதில் கீறாது, ஆனால் கீறிவிட்டால் மெருகேற்றக் கூடாது, பற்பசை தேய்க்கவே கூடாது. துடைக்கும்போது மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், தகவல் பதிந்திருக்கும் தடத்தோடு சேர்ந்தே ஓடி, தொடர்ச்சியாக நிறையத் தகவலை மறைக்கும். பிழை திருத்தும் முறையால் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சமே மறைக்கும், பிளேயர் சமாளித்துவிடும். சுத்தமான தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். விரல் எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிது. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு, டிஸ்க்குகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. சென்னை, நாகை, தூத்துக்குடி வீடுகளில் அது நடக்கிற காரியமில்லை. நடப்பது இது: இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் டிஸ்க்குகளை அவற்றின் சொந்த உறைப்பெட்டியோடு நூல் அடுக்குவதுபோல நிற்கவைத்து, நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறியதும் உலர்த்தித் திரும்பப் போடுவது. வெளிச் சுவரை ஒட்டிய அலமாரியும் சமையலறைக்கு அடுத்த சுவரும் வேண்டாம். ஜிப் வைத்த பிவிசி பைகளில் நூறு டிஸ்க்கைச் சொருகி வைப்பதும் வேண்டாம். பிவிசியில் கலந்த மென்மையாக்கி காலப்போக்கில் கசிந்து டிஸ்க்கில் ஒட்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுப்பிடியை அழுத்தி விடுவித்து எடுங்கள். ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுத்தால் இரு தகடுகளின் ஒட்டு விட்டுப்போகும்.

இவ்வளவு கவனித்தாலும் ஆலையிலேயே கோளாறாக வந்த டிஸ்க்கை எதுவும் காப்பாற்றாது. வார்னர் நிறுவனத்தின் 2006 முதல் 2008 வரையான டிவிடிகளில் சில, பெட்டியிலேயே இருந்தும் கெட்டுப்போயின. நிறுவனமே 2025-இல் அதை ஒப்புக்கொண்டு மாற்று டிஸ்க் தர முன்வந்தது. ஆகவே அலமாரியில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காமல், வருடத்துக்கு ஒருமுறையாவது முக்கியமான டிஸ்க்குகளைக் கணினி டிரைவில் போட்டு முழுப் பரப்பையும் படிக்கவைத்துப் பாருங்கள். சில டிரைவுகளில் பிழை எண்ணிக்கையையே பார்க்கலாம். டிவிடிக்கு, அடுத்தடுத்த எட்டுத் தகவல் தொகுதிகளுக்கு 280 பிழை என்பது வரம்பு. எண் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனால், படம் இன்னும் ஓடினாலும் அந்த டிஸ்க்குக்கு மாற்றுத் தேட வேண்டிய நேரம் அது.

பிளேயர்தான் அடுத்த கவலை. சாம்சங் 2019-இல் புது ப்ளூ-ரே பிளேயர் தயாரிப்பதை விட்டது. ஓப்போ 2018-இலேயே விட்டது. புது லேப்டாப்புகளில் டிரைவ் கிடையாது, யூஎஸ்பியில் செருகும் டிரைவ் வாங்க வேண்டும். எந்த நாட்டு டிஸ்க் ஓடலாம் என்று தீர்மானிக்கும் மண்டலக் குறியைக் கணினி டிரைவில் ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவது மாற்றத்தோடு அப்படியே பூட்டிக்கொள்ளும். டிவிடிக்கு இந்தியா 5-ஆம் மண்டலம். ப்ளூ-ரேக்கு சி மண்டலம், அமெரிக்க டிஸ்க் ஏ மண்டலமாக இருந்தால் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்கில் மண்டலப் பூட்டே இல்லை. ஆனால் அதைக் கணினியில் முறைப்படி ஓட்ட இன்டெல் சில்லுகளின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை, அதை 11-ஆம் தலைமுறை முதல் வீட்டுக் கணினிச் சில்லுகளில் எடுத்துவிட்டார்கள். எனவே 4கே டிஸ்க்குக்குத் தனி பிளேயரே வழி. ப்ளூ-ரே பிளேயர் வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் தளத்தில் கடைசி ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) கோப்பை இப்போதே இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். புது டிஸ்க்குகளின் சாவிகளைப் பழைய பிளேயர் அறியாது. அதைப் புதுப்பிக்கும் கோப்பு ஒரு நாள் தளத்திலிருந்து போய்விட்டால் அங்கே டிஸ்க்கும் சர்வரை நம்பியதாகிவிடும்.

நகல் எடுத்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு இடம் தருகிறது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. தான் காசு கொடுத்து வாங்கிய, கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் தன் வீட்டுக்குள் காப்பாற்றுவது மீறல் நோக்கம் ஆகாது என்றே என் வாசிப்பு. ஆனாலும் மக்களின் வாசிப்பை நம்பி விடாமல் மத்திய அரசு இதை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2015-இல் இயக்குநர் சேரன் 'சினிமா டு ஹோம்' என்ற பெயரில் புதுப் படத்தை முறையான டிவிடியாக நேரே வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை, எண்ணம் சரியானது. இன்று டிஸ்க் அச்சடிக்கும் செலவுகூட வேண்டாம். விமியோ ஆன் டிமாண்ட் போன்ற இடங்களில் பூட்டில்லாத கோப்பாகவே வாங்குபவர் இறக்கிக்கொள்ளும்படி விற்கலாம். சிறு படங்களுக்கு, ஓடிடி எடுத்துக்கொள்ளாத ஆவணப் படங்களுக்கு இது பொருந்தும். திருட்டுப் பிரதி பரவிவிடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் பூட்டுப் போட்ட படங்களின் திருட்டுப் பிரதியும் வெளியான அன்றே வந்துவிடுகிறது. பூட்டில் சிக்குவது காசு கொடுத்தவர் மட்டும். அப்படிக் கோப்பு வாங்குவோர் வெவ்வேறு ஹார்டு டிஸ்க்கில் இரண்டு நகலும், வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் மூன்றாவதும் வைத்து, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்தால், எது கெட்டது என்று பின்னால் தெரிந்து மாற்றிக்கொள்ள முடியும்.

சந்தா ஓடிடியில் இருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணுவோருக்கு ஒரே உதாரணம். 'அன்னபூரணி' திரைப்படம், மத உணர்வைப் புண்படுத்துவதாக எதிர்ப்பு எழுந்ததால் 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் சர்ச்சையின் சரி தவறு வேறு விவாதம். நீக்கிய நாளில் வீட்டு அலமாரியில் அதன் பிரதி வைத்திருந்த பார்வையாளர் யாருமில்லை என்பதே இங்கே சொல்ல வந்தது.

கடைசியாக, நூலகங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூலின் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு வந்தாக வேண்டும். படங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் தடையும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், முறையாகப் பெற்ற பிரதியை இலாப நோக்கமற்ற நூலகம் இரவல் கொடுப்பது 'வணிக வாடகை' ஆகாது என்று தெளிவாகவே சொல்கிறது. டிஸ்க் இருந்தால்தான் இந்த விதி பயன்படும், ஆப்பில் வாங்கிய படத்தை எந்த நூலகமும் இரவல் கொடுக்க முடியாது. தமிழ்ப் படங்களின் முறையான டிவிடிகள் பழைய கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் இன்னும் கிடைக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நன்கொடையாகவும் விலைக்கும் அவற்றைச் சேகரிக்க ஒரு பிரிவைத் தொடங்கட்டும். குளிரூட்டிய அறை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியவை இரண்டு மூன்று நல்ல பிளேயர்கள், பிழை அளக்கும் டிரைவ் ஒன்று, வரும் டிஸ்க்கைச் சோதித்துப் பட்டியலிடத் தெரிந்த ஊழியர் ஒருவர். பொது நூலகத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திரைப்பட டிஸ்க் சேகரிப்பாளர்,
சென்னை.